கட்டில் காலி

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு முட்டி போட்டிருந்தவளை அறை வாசலில் நின்று பார்த்த இரண்டு பெண்கள், "பாவம், அப்பான்னா உயிரு அவளுக்கு" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்கள். அவள் அழவில்லை. போன் வெளிச்சத்தில் சுவரோரத்து பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் தூசி இருக்கிறதா, விரல் பட்ட தடம் தெரிகிறதா, யாராவது பிடுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பச் செருகியிருக்கிறார்களா என்பதுதான் அந்த நேரத்தில் அவளுடைய கவலை.

தூசி அப்படியே இருந்தது. இருந்தால் என்ன? பதமாகப் பிடித்தால் தூசி கலையாமலும் பிடுங்கலாம். அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

அப்பா கூடத்தில் படுத்திருந்தார். முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்கப் போனவர்தான். தலைமாட்டில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். அப்பாவை எடுத்துப்போகிற வண்டி சாயங்காலம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை செய்வதற்கு யாருக்கும் ஒன்றுமில்லை, பேசுவதற்கு மட்டும் நிறைய இருந்தது. பேச்சை நடத்திக்கொண்டிருந்தவள் அத்தை, செத்துப்போனவரின் ஒரே தங்கை. அத்தைக்கு ரகசியம் பேச வராது. ரகசியம் என்றால் கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொள்வாளே தவிர, குரலைக் குறைக்கத் தெரியாது.

"தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்து வெச்சவர்னு எல்லாரும் சொல்றீங்க. சரி. ஆனா வீட்ல ஒருத்தி இருந்தாளே, டீ கொண்டு போறப்பதான் தெரிஞ்சுதாமே? அதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாக்க மாட்டாளா? டாக்டரு சொல்றாரு, உயிர் போய் ரெண்டு மணி நேரமாவது இருக்கும்னு."

அந்த ஒருத்தி, அண்ணி, சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் காதிலும் விழுந்தது. அவன் திரும்பவில்லை. நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து ஓடி வந்ததும், "நீ எங்க இருந்தே?" என்று பெண்டாட்டியைக் கேட்டான். "இங்கதான்" என்றாள் அவள். அதற்கப்புறம் இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை இல்லை.

அறைக்குள் நின்ற மகள், அண்ணனுக்கு இளையவள், அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இளையவளை அப்பா 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுவார். அவர் டவுன் பஸ் டிரைவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா, ஒருத்தர் ஓடி வர்றாரு, நிறுத்துங்க" என்று பஸ்ஸுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். நிஜக் கண்டக்டருக்கு வேலையே இல்லாமல் போகும். சில நாள் யாரும் ஓடி வரவே மாட்டார்கள். சந்தேகத்தின் பேரிலேயே நிறுத்தச் சொல்லியிருப்பாள். அப்பா அதற்கும் நிறுத்துவார்.

அந்தக் குணம்தான் வளர்ந்து, பக்கத்து ஊரில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலையாக ஆனது. நாலு மாதத்துக்கு முன் அப்பா படுக்கையிலேயே ஒருமுறை மயங்கிக் கிடந்தபோது, அவளே அவருக்காக ஒரு கருவி செய்து கொண்டுவந்து மாட்டினாள். மெத்தைக்கு அடியில் ஒரு தட்டையான விரிப்பு. நெஞ்சு ஏறி இறங்குகிற அசைவு அதற்குத் தெரியும். விரிப்பின் பேச்சைப் புரிந்துகொள்ள, அதைச் செய்தவர்கள் லைப்ரரி என்று தயாராக எழுதிய ஒரு புரோகிராம் கட்டும் கொடுத்திருந்தார்கள், ஏதோ பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. இவள் எழுதுவது புது மொழி. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் கட்டி, எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றி அலமாரி மேல் வைத்தாள். பெரிதாக அசைந்துவிட்டு அடங்கினால், எழுந்து போய்விட்டார், கட்டில் காலி என்று சும்மா இருக்கும்; அசையாமலே மூச்சு நின்றால் அண்ணன் போனிலும் இவள் போனிலும் பஸ் ஹார்ன் அடிக்கும். ஹார்ன் வேண்டும் என்று கேட்டவர் அப்பா.

"நான் போற நேரத்துல எலிக்குஞ்சு மாதிரி கீச் கீச்னு கத்த விட்டுடாதே கண்டக்டர். வண்டி கிளம்புற மாதிரி கிளம்பணும்."

ஹார்னை நிறுத்த போனில் 'நான் பார்க்கிறேன்' என்று ஒரு பட்டன். இரண்டு பேரில் யார் அமுக்கினாலும் இரண்டு போனும் அடங்கிவிடும்.

எல்லாம் சரிதான், ஒரு கோளாறைத் தவிர. பெட்டியில் ஓடுகிற அந்தப் புரோகிராம் திடீரென்று நின்று விழும். எப்போது விழும், எதற்கு விழும், பிடி கொடுக்காது. வாரத்தில் ஒரு நாள் விழும், சில நாள் இரண்டு தடவை விழும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற நாளில் மட்டும் சமர்த்துப் பிள்ளையாக ஓடும். விழுந்தால் தானே எழுந்துகொள்கிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்துவிட்டு, ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டாள். விரிப்பு செய்த கம்பெனிக்காரனை, ஒயரை, வெயிலை, அடுத்த அறையில் அண்ணி ஓட்டுகிற தையல் மிஷினின் அதிர்வை. வேவு பார்க்கவென்று புரோகிராமுக்குள் ஒரு வரி சேர்த்தாள்: பாலத்தைத் தாண்டி வருகிறதை எல்லாம் வாங்கி, ஒன்று விடாமல் எழுதி வை. கூடவே பாலத்திலும் இரண்டு மூன்று இடங்களை இறுக்கினாள். அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரு தடவைகூட விழவில்லை. பிடித்துவிட்டோம் என்று துள்ளினாள். வியாதி தீர்ந்தபின் வேவு எதற்கு, பெட்டியில் இடத்தை அடைக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை எடுத்துவிட்டு, குடும்பத்து குரூப்பில் பெருமையாக எழுதினாள்: "சரி பண்ணிட்டேன். இனிமே விழாது."

நேற்று ஹார்ன் அடிக்கவில்லை.

ஏன் அடிக்கவில்லை என்று யாரும் இன்னும் அவளைக் கேட்கவில்லை. கேட்பதற்குள் கையில் பதிலோடு இருக்க வேண்டும். பெட்டிக்கு மின்சாரம் போகிற அந்தப் பிளக்கை அண்ணி பிடுங்கியிருந்தால் நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சும்மா சும்மா ஹார்ன் அடித்த நாட்களில், "இது மாமாவைத் தூங்க விடுமா விடாதா?" என்று அலுத்துக்கொண்டவள்தானே அண்ணி. அப்படி நினைப்பது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தேதான் நினைத்தாள்.

அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியை லேப்டாப்போடு இணைத்தாள். நேற்று மதியம் புரோகிராம் நின்று, திரும்ப எழுந்திருந்தது. அவளுக்கு மூக்கு வேர்த்தது. பிடுங்கியிருக்கிறாள்! ஆனால் மின்சாரம் போயிருந்தால் பெட்டியே அணைந்து எழுந்திருக்க வேண்டும். பெட்டி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை. புரோகிராம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. ச்சே என்று இருந்தது அவளுக்கு. கோழி பிடிக்கப் போய் கையில் இறகு மட்டும் மிஞ்சிய மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த நாற்காலி கண்ணில் பட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், வெறுமையாக.

அண்ணி திரைச்சீலை தைத்துக் கடைக்குக் கொடுப்பவள். தைத்து முடித்ததை மூட்டையாகக் கட்டி அந்த நாற்காலியில்தான் வைப்பாள். முந்தாநாள் வீடியோவில் அப்பாவோடு பேசியபோது, அவர் தலைக்குப் பின்னால் நீலத் துணி மூட்டை மலை மாதிரி உட்கார்ந்திருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

கதவு மெல்லத் திறந்தது. அண்ணி டீயோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "காலையிலேர்ந்து வயித்துல ஒண்ணும் இல்ல. இதையாவது குடிம்மா."

டம்ளரை வாங்காமலே இவள் கேட்டாள்: "அந்த நாற்காலில இருந்த மூட்டை எங்க அண்ணி?"

அண்ணியின் கையிலிருந்த டீ தளும்பி விரலில் ஊற்றியது. சுட்டிருக்கும். அவள் கையை உதறக்கூட இல்லை.

"கடைக்குப் போயிடுச்சு."

"எப்ப போச்சு?"

அண்ணி முந்தானையில் விரலைத் துடைத்தாள்.

"முந்தாநாள் சாயங்காலம் இங்கதான் இருந்துச்சு. நேத்து காலையில அண்ணன் வேலைக்குப் போறப்பவும் இருந்திருக்கும். இப்ப இல்ல. மூட்டை தானா நடந்து போச்சா?"

அண்ணி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். பிறகு கதவைப் போய் நன்றாகச் சாத்திவிட்டு வந்தாள். மாட்டிக்கொண்டாள் என்று இளையவளுக்கு உள்ளே ஒரு துள்ளல்.

"நான்தான் கொண்டு போனேன்" என்றாள் அண்ணி. "மாமா சாப்பிட்டுட்டு படுத்ததும் போனேன். போனதும் வந்துடலாம்னுதான் போனேன். கடைக்காரரு ஒவ்வொண்ணா பிரிச்சு அளந்து பாத்துக்கிட்டு நிக்க வெச்சுட்டாரு. வந்து நேரா டீ போட்டு எடுத்துட்டுப் போனேன். தொட்டா... ஜில்லுனு இருந்தார்."

"அண்ணன்கிட்ட வீட்டுலதான் இருந்தேன்னு சொன்னீங்க."

"வாய் வரலம்மா. அவர் முகத்தைப் பாத்ததும் வாய் வரல. இப்ப சொன்னா நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பாரு. என்ன சொன்னாலும் என் மேலதானே. உங்க அத்தை பேசுறது எனக்குக் கேக்கலன்னு நினைக்கிறியா?"

"தனியா விட்டுட்டு எப்படி அண்ணி போனீங்க?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இளையவள் சமாளித்திருப்பாள்.

"தனியா எங்க விட்டேன்? நீதான் எழுதியிருந்தியே, இனிமே விழாதுன்னு. அதுக்கு முன்னாடியெல்லாம் நான் வாசல் தாண்டுனேனா, கேட்டுப் பாரு. மாமாகிட்டயும் சொல்லிட்டுத்தான் கிளம்புனேன். கண்டக்டர் பாத்துக்கிட்டு இருக்காளான்னு கேட்டாரு. பாத்துக்கிட்டுதான் இருக்கா மாமான்னேன். அப்ப ரைட்டு, நீ போயிட்டு வான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

இளையவள் லேப்டாப்பைப் பார்த்தாள். நேற்று அந்த நேரத்தில் அவள் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து, யாரோ சொன்ன ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படுங்க" என்றாள்.

"என்னது?"

"கட்டில்ல படுங்க அண்ணி. என் புரோகிராம் விழுதா இல்லையான்னு பாத்துடலாம். நானே படுத்துக்கிட்டு நானே பாக்க முடியாது."

வேறொரு நாளாக இருந்தால் பைத்தியமா உனக்கு என்று கேட்டிருப்பாள் அண்ணி. கேட்கவில்லை. தன் மேல் விழுந்ததைத் துடைக்க வேறு வழி கிடைக்காது என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மாமனார் தலை வைத்திருந்த தலையணையைப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, வெறும் மெத்தையில் தலை வைத்து, கையை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு படுத்தாள். இளையவள் விரிப்பின் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவி லேப்டாப்பில் செருகினாள். திரையில் ஒரு கோடு தோன்றி ஏறி இறங்கத் தொடங்கியது. 'ஆள் இருக்கிறார்' என்று எழுத்து வந்தது.

"என்னவோ மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி கூரையைப் பார்த்தபடி.

"பேசாதீங்க. கோடு குலுங்குது."

பழக்கதோஷத்தில் இளையவள் முதலில் செய்தது, அந்த வேவு வரியைச் சேர்த்ததுதான். என்ன நடக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சோதிப்பது? பிறகு புரோகிராமை என்னென்னவோ செய்து உலுக்கிப் பார்த்தாள். வழக்கமாகத் தனக்குத் தோன்றும்போது வந்து நினைவகத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஓர் ஆள் புது மொழியில் உண்டு. யாரும் கையில் வைத்திருக்காத சாமானை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிடும். அந்த ஆளையே வா வா என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கூட்டிவிட்டுப் போனது. புரோகிராம் அசையவில்லை. எழுத்துகள் சரசரவென்று ஓடின.

"பாத்தீங்களா? விழலை!" என்றாள். குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. கூடத்தில் அப்பா கிடக்கிறார்.

அண்ணியின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தால் கோடு குலுங்கும் என்று துடைக்காமல் படுத்திருந்தாள்.

ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த இளையவளுக்குச் சுருக்கென்றது. இங்கே எழுத்து ஓடுகிறது. பெட்டியில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓடவில்லை.

ஒரு வரிதானே. எழுதி வைப்பதைத் தவிர அது ஒன்றும் செய்யாதே. அவள் அதை எடுத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் மூச்சைப் புடிச்சுக்கங்க."

அண்ணி மூச்சைப் பிடித்தாள். கோடு தட்டையாகத் தொடங்கியது. இளையவள் கூட்டுகிற ஆளை ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். புரோகிராம் பொத்தென்று விழுந்தது.

அடுத்த நொடி தானே எழுந்தது. விரிப்பிடம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது. விரிப்பில் அசைவில்லை. இப்போதுதான் எழுந்ததற்கு, முன்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தார் என்பது எப்படித் தெரியும்? திரையில் பச்சை நிறத்தில் எழுதியது: 'கட்டில் காலி.'

கட்டிலில் அண்ணி கன்னம் உப்ப, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

"விட்டுடலாமா?" என்று பல்லுக்கிடையில் கேட்டாள்.

"விடுங்க."

நாலு மாதமாகத் தண்ணி காட்டிய கோளாறு, பிடிபட்டதும் இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. எதிரெதிர் வீட்டு ஜன்னல்களுக்கு நடுவே கட்டிய துணிக்கொடி மாதிரிதான் அது. இந்த வீட்டு ஆணியில் ஒரு முனை. துணி காயப்போடுவது எதிர்வீட்டுக்காரன். இந்த வீட்டைக் கூட்டுகிற ஆளுக்கு எதிர்வீடு தெரியாது. நம் வீட்டில் யாரும் தொடுவதில்லையே என்று கயிற்றை அறுத்துவிடும். அங்கே துணியெல்லாம் தெருவில். பழைய மொழி லைப்ரரி பிடித்துக்கொண்டிருந்ததைப் புது மொழி இப்படித்தான் தூக்கி எறிந்திருக்கிறது. வேவு வரி இருந்த மூன்று வாரமும், எழுதி வைப்பதற்காக அந்த வரி இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் விழவில்லை. அவள் இறுக்கியது எதுவும் எதையும் சரி செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் நின்றது. சரியாகிவிட்டது என்று நம்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். நேற்று அப்பாவின் மூச்சு நின்ற நேரமாகப் பார்த்து அது விழுந்திருக்கிறது.

"என்னாச்சு? முகம் ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் அண்ணி தலையை மட்டும் தூக்கி.

லேப்டாப்பை மூடிவிட்டால் முடிந்தது. இந்த வீட்டில் இது யாருக்கும் புரியப் போவதில்லை. பழி தூக்குவதற்குத் தயாராக ஒருத்தி படுத்தே இருக்கிறாள். மூட்டை தூக்கிக்கொண்டு போனதை அவளே ஒப்புக்கொண்டும் விட்டாள். வண்டி வரும், அப்பா போவார், அத்தை ஊருக்குப் போய்ச் சேருவாள், அண்ணனும் பெண்டாட்டியும் ஆயுசுக்கும் இப்படியே முகம் பார்க்காமல் இருப்பார்கள். யாரும் கண்டக்டரை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த வரி இருந்திருந்தால்?

"இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணி."

வரியைத் திரும்பச் சேர்த்தாள். கோடு ஏறி இறங்கியது. 'ஆள் இருக்கிறார்.' கூட்டுகிற ஆளைக் கூப்பிட்டாள், வந்து போனது, ஒன்றும் விழவில்லை. "புடிங்க" என்றாள். அண்ணி மூச்சைப் பிடித்தாள். கோடு தட்டையானது. தட்டையாகவே போனது. அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இளையவளின் உதடு தானாக முணுமுணுத்தது. இது எங்கே போய் அடிக்கும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

ஹார்ன் அடித்தது.

அவள் மடியில் கிடந்த போனிலும், கூடத்தில் அண்ணனின் சட்டைப்பையிலும், டவுன் பஸ் ஹார்ன், வீடே அதிர. அப்பாவின் தலைமாட்டிலிருந்து அது அடித்ததில் கூடத்தில் யாரோ "ஐயோ" என்று அலறினார்கள். நாற்காலி ஒன்று விழுந்தது. அடுத்து தடதடவென்று ஓடி வருகிற சத்தம். கதவு சுவரில் மோதித் திறந்தது.

அண்ணன் வாசலில் நின்றான். நாலு மாதமாக அந்தச் சத்தம் கேட்டதும் எங்கே ஓடுவானோ அங்கேதான் ஓடி வந்திருந்தான். அப்பாவைக் கூடத்தில் விட்டுவிட்டு, அப்பாவின் அறைக்கு. மூச்சு வாங்கியது. கட்டிலைப் பார்த்தான். பெண்டாட்டி சிவந்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது?" என்றான். கத்தத்தான் நினைத்தான், குரல் உடைந்துவிட்டது. "வெளியில அவ்வளவு பேர் இருக்காங்க. என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவனும் நிறுத்தவில்லை, இவளும் நிறுத்தவில்லை. இத்தனை நாளும் அப்படித்தான். அண்ணன் அமுக்குவான் என்று இவள் இருப்பாள், கண்டக்டர் அமுக்குவாள் என்று அவன் இருப்பான்.

இளையவள் போனை எடுத்து 'நான் பார்க்கிறேன்' என்பதை அமுக்கினாள். அண்ணனின் சட்டைப்பையும் அடங்கியது. கூடத்தில்கூடச் சத்தமில்லை. அத்தை கையை வாயில் வைத்தபடி கதவருகே வந்து நிற்பது தெரிந்தது. நிற்கட்டும் என்று இருந்தது இவளுக்கு.

"நேத்து இது அடிச்சிருக்கணும் அண்ணா. அடிக்கலை. ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணை எடுத்துட்டேன். எடுத்திருக்கக் கூடாது. சரியாயிடுச்சுன்னு எல்லாருக்கும் எழுதுனது நான்தான். அதை நம்பித்தான் அண்ணி இருந்தாங்க. அண்ணி மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது."

அண்ணன் அவளையே பார்த்தான். என்ன எடுத்தாய், எதை எடுத்தாய் என்று கேட்கவில்லை.

"அடிச்சிருந்தா?" என்றான் கடைசியில்.

"தெரியலை. நீ வர்றதுக்குள்ள... தெரியலை அண்ணா. யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்திருக்கலாம்."

சொல்லும்போதுதான் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதாள். அண்ணி எழுந்து வந்து அவள் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நான் வீட்டுல இல்லங்க. திரைச்சீலை கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். பொய் சொல்லிட்டேன்."

அண்ணன் வெறும் நாற்காலியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். வாசலில் நின்ற அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே கதவைச் சாத்தினான்.

"நேத்திலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா?" என்றான் பெண்டாட்டியிடம்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஜன்னல் திண்டில் ஆடை கட்டிக் கிடந்த டீயை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை இளையவளிடம் நீட்டினாள். இளையவள் ஒரே மடக்கில் குடித்தாள். வெளியே யாரோ, வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள். படுத்து எழுந்ததில் மெத்தைத் துணி கசங்கியிருந்தது. தினமும் காலையில் மாமனார் எழுந்து போனதும் செய்கிற மாதிரி, குனிந்து இரண்டு மூலையையும் இழுத்துவிட்டு, நடுவில் உள்ளங்கையால் நீவினாள். தலையணையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துத் தட்டினாள்.

லேப்டாப் திரையில் கோடு அசைந்தது. 'ஆள் இருக்கிறார்' என்று எழுத்து வந்தது.

அண்ணனும் அதைப் பார்த்துவிட்டான். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அண்ணியின் கை தலையணை மேலேயே இருந்தது. வெளியே வண்டிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

கோடு இரண்டு தடவை துள்ளிவிட்டு அடங்கியது. எழுத்து மாறியது. 'கட்டில் காலி.'